பிரசங்க பீடமும் பெண்மக்களும்

நம் தமிழ்க் கிறிஸ்தவ சமூகத்தாரிடையே ‘ஐயரம்மா’ என்றொரு சொல் வழங்குகின்றது. சபையின் குருவானவரை ஐயர் என்றழைக்கும் பழைய வழக்கத்தினின்று பிறந்த சொல் அது. ஐயரின் மனைவியார் ஐயரம்மா; உபதேசியாரின் மனைவியார் உபதேசியாரம்மா. கணவரின் பதவியை ஒட்டி மனைவிக்கு மரியாதை செய்யும் இவ்வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், ஒரு பெண்மணி தாமே இறையியல் பயின்று, தாமே குருப்பட்டம் பெற்று, ஒரு சபைக்கு மேய்ப்பராக வருவாராயின் அவரை எவ்வாறு அழைப்பது என்று கேட்டால் நம்மவர் திகைத்து நிற்கின்றனர். ஐயரம்மா என்றழைத்தாலோ, ‘அப்படியாயின் ஐயர் எங்கே?’ என்னும் கேள்வி உடனே எழுகின்றது. ஒரு வேலைக்குப் பெயர் இல்லையென்றால் அவ்வேலையே இல்லை என்பது பொருளன்று. அவ்வேலையைச் செய்பவரை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பதே பொருள். இதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றோம்.

ஐயரம்மா செய்யும் வேலைதான் யாது? ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேத பாடம் நடத்துவார். பிரசவ வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஐயருக்கு முன்னரே போய்ச் சேர்வார். மாமியாரிடம் மருமகளுக்காகவும் மருமகளிடம் மாமியாருக்காகவும் பேசுவார். சபையின் சம்பளப் பட்டியலிலோ பெரும்பாலும் அவர் பெயரைக் காண்பதரிது. ஊழியம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேற்பட்டது இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம். ஆகவே, பெண்கள் ஊழியம் செய்யலாமா என்னும் கேள்வி, ஆறு ஓடலாமா என்று கேட்பது போன்றதாகும். ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. நம் முன் நிற்கும் உண்மையான கேள்வி வேறு: பீடத்தின்மேல் ஏறிச் சபையார் அனைவருக்கும் பிரசங்கிக்கவும், திருவிருந்து மேசையண்டை நின்று அப்பத்தைப் பிட்டுக்கொடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டா என்பதே.

இவ்விடத்தில் நம் சபைகள் கைக்கொண்டிருக்கும் ஓர் உபாயத்தைக் குறிப்பிடாமல் இருத்தல் கூடவில்லை. பெண் பேசினால் அது ‘சாட்சி’ எனப்படும். ஆண் பேசினால் அது ‘பிரசங்கம்’ எனப்படும். வசனம் ஒன்றே, பேசிய நேரமும் ஒன்றே, கேட்டு அழுதவர்களும் அவர்களே. பேசியவர் கீழே நின்று பேசினாரா, மேலே நின்று பேசினாரா என்பதொன்றே வேறுபாடு. ஆண்டிற்கொரு முறை பெண்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அன்று மட்டும் ஓர் அம்மையாரைப் பீடத்தில் ஏற்றி, அடுத்த வாரமே பழையபடி இறக்கிவிடுகின்றோம். ஒரு நாள் ஏறுவதற்குத் தகுதியுள்ளவர் மற்ற ஐம்பத்தொரு நாளும் தகுதியற்றவராவது எங்ஙனம்? இதற்கு விடை சொல்ல வல்லாரை நாம் இதுவரை கண்டிலம்.

இனி, சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபை வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் ஒரு பெண்ணின் பெயரை முதலில் எழுதாமல் மேற்செல்ல முடியாது. மராட்டிய பிராமண குலத்தில் பிறந்து, விதவையாகி, ஓர் ஆங்கிலச் சேனை அதிகாரியோடு வாழ்ந்து, அவர் வாயிலாகக் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்வியுற்ற குளோரிந்தா அம்மையாரே அவர். மணமின்றி வாழ்ந்த காலத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்த்தையர் மறுத்துவிட்டார். அவ்வதிகாரி இறந்தபின், 1778-ம் வருஷம் பாளையங்கோட்டையில் அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் முதற்பெயர் குளோரிந்தா என்பது. சபைக்கு ஒரு உபதேசியார் வேண்டுமென்று சுவார்த்தையரிடம் மன்றாடியவரும் அவரே. ஆலயம் எழுப்ப முன்னின்றவரும் அவரே. அவ்வாலயம் 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே வழங்கலாயினர். (அவர் விட்டுவந்த சாதியின் பெயர் நிலைத்தது, அவர் விரும்பி ஏற்ற பெயர் ஏட்டில் நின்றது. இது நம் தேசத்தின் இயல்பு போலும்.) அதன்பின் 1790-ல் சத்தியநாதன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிப் பகுதிக்கு ஊழியத்திற்கு வந்தார். அவருடைய தொண்டை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும், சபையைக் கூட்டிச் சேர்த்தவர் பெண், அதற்கு வீடு கட்டியவர் பெண், அவ்வீட்டிற்குள் பேசுவதற்கு மட்டும் ஓர் ஆண்மகனை வரவழைக்க வேண்டியதாயிற்று என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் சற்றே உறுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பைபிள் ஸ்திரீகள்’ எனப்பட்டோர் தோன்றினர். உயர்குலத்து மாதர் கோஷாவில் இருந்த காலம் அது. ஆண் மிஷனெரி அவ்வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே செல்ல இயலாது. ஆகவே பெண்ணுக்குப் பெண்ணே போகவேண்டியதாயிற்று. ஜான் தேவசகாயம் ஐயரின் புதல்வியாரான அன்னாள் சத்தியநாதன் அம்மையார் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிலே பெண்கள் பாடசாலைகளை நடத்தி, இந்து மாதரின் வீடுகளுக்குச் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்து, 1878-ல் தம் ஓட்டத்தை முடித்தார். இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அதனோடு ஒரு வேலியும் முளைத்தது. ‘பெண் பெண்களுக்குப் போதிக்கலாம்’ என்று கொடுத்த அனுமதியே, ‘பெண் பெண்களுக்கு மட்டும் போதிக்கலாம்’ என்ற தடையாக நாளடைவில் இறுகிவிட்டது. கோஷா மறைந்து எத்தனையோ காலமாயிற்று. வேலி மட்டும் நிற்கின்றது.

அவ்வேலியைச் சிறிது தள்ளி நட்டவர் சிலரும் உளர். 1896-ன் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ச் சென்று திறந்த வெளியில் சுவிசேஷம் கூறினார். அக்கூட்டத்தில் இருந்த பொன்னம்மாள் என்னும் இளம் விதவை, தம் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். பின்னர் டோனாவூர் இல்லத்தின் தூணாக நின்று 1915-ல் மரித்தார். தெருவில் யாரும் ‘இது சாட்சியா, பிரசங்கமா?’ என்று கேட்டதில்லை. அக்கேள்வி கூரையின் கீழ்தான் பிறக்கின்றது.

மராட்டிய நாட்டைப் பாருங்கள். பண்டித ரமாபாய் அம்மையார் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, தனியொருவராக முழு வேதாகமத்தையும் மராட்டியில் மொழிபெயர்த்து, அவ்வேலையை முடித்து 1922-ல் கண்மூடினார். கேட்காவ் முக்தி சதனத்துப் பெண்களே அதன் அச்சு வேலையைச் செய்தனர். வேதத்தை முழுவதும் மொழிபெயர்க்கத் தகுதியுடையவள், மொழிபெயர்த்த வேதத்திலிருந்து ஓரதிகாரத்தை எடுத்து விளக்கத் தகுதியற்றவள் என்பது எந்தத் தர்க்க சாஸ்திரத்திற்கு ஏற்கும்?

இரட்சணிய சேனையாரோ இவ்விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே தெளிவாயிருந்தனர். 1882-ம் வருஷம் செப்டம்பர் 19-ம் தேதி பம்பாய்த் துறையில் இறங்கிய அவர்களுடைய முதற்குழுவினர் நால்வர். அந்நால்வரில் ஒருவர் மேரி தாம்சன் என்னும் பெண். சேனையின் தாய் என்று போற்றப்படும் காதரீன் பூத் அம்மையார், பெண்கள் பிரசங்கிக்கும் உரிமையை நிலைநாட்டி 1859-லேயே ஒரு சிறு நூல் வெளியிட்டவர். 1934-ல் அச்சேனை முழுவதற்கும் ஜெனரலாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவர் மகளார் எவாஞ்சலின். நாகர்கோவில் பக்கத்து நண்பர்களுக்குச் சேலையுடுத்திய பெண் ஆபீசர் பேசுவது புதிதன்று. அங்கே சபை கவிழ்ந்துபோகவுமில்லை.

நிற்க. பவுல் அப்போஸ்தலரின் வாக்கை எடுத்துக் காட்டி நம்மை மறுப்போர் பலர். அவர்களை நாம் அலட்சியம் செய்யோம்; வேதத்தைக் கருத்தாய்ப் பிடித்திருப்பவர்களே அவர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பதினான்காம் அதிகாரத்தில் ஸ்திரீகள் சபையில் பேசாமலிருக்க வேண்டுமென்று எழுதப்பட்டிருப்பது மெய்யே. ஆனால் அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனஞ் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதே கை எழுதியிருக்கின்றது. பேசவே கூடாதென்றால் பேசும்போது முக்காடு எதற்கு? இரண்டையும் சேர்த்து வாசிப்பவர், பதினான்காம் அதிகாரத்துக் கட்டளை அச்சபையில் அப்போது நேர்ந்த ஒரு குழப்பத்தை நோக்கியது என்று கொள்வதே நேர்மையாகும். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்து வாக்கு இதனினும் கடினமானது. அறிஞர் அதன்மேல் இன்னும் வழக்காடுகின்றனர். ஆயினும், அதனைச் சொல்லுக்குச் சொல் கைக்கொள்வதாகச் சொல்லும் சபைகள், அவ்வதிகாரத்திலேயே பொன்னையும் முத்தையும் பற்றிச் சொல்லப்பட்டதை நம் கலியாணங்களில் எவ்வளவு கைக்கொள்கின்றன என்பதை நேயர்களே அறிவர்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பலர் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகின்றனர். அங்கேதான் பெபேயாள் நிற்கின்றாள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவளை ஊழியக்காரி என்று கூறுகின்றது. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் சுட்டிய இடத்தில் தமிழில் நிற்பதும் ஊழியக்காரர் என்னும் சொல்லே. கிரேக்கத்திலும் இரண்டிடத்தும் ஒரே சொல். நம் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் காட்டிய நியாயத்துக்கு நாம் நன்றி பாராட்டுகின்றோம். அந்த அப்பொல்லோவை வீட்டிற்கு அழைத்து உபதேசத்தை இன்னும் திட்டமாய் விளக்கியவர்களுள் பிரிஸ்கில்லாள் ஒருத்தி. உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கண்ட செய்தியைச் சீஷருக்கு முதலில் கொண்டுபோனவள் மகதலேனா மரியாள். அன்று அதைக் கேட்ட சீஷர் அதைப் பிதற்றல் என்று எண்ணினர் என்று லூக்கா எழுதுகின்றார். அந்த மனப்பான்மையும் பழமையானதுதான்.

‘இதெல்லாம் மேல்நாட்டுப் புதுமை, நம் நாட்டுப்புறத்து ஜனங்கள் பெண்ணின் போதனையை ஏற்கமாட்டார்கள்’ என்பது மற்றொரு தடை. காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட நம் நாட்டுப்புறத்தையே இதற்குச் சாட்சியாக அழைப்போம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 என்னும் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையைக் கூறும் அவற்றின் புகழ் உலகறிந்தது. முப்பத்தைந்து பிராயத்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும், சொந்த நிலமும் மனையும் வேண்டும், வேதம் ஓதியிருக்கவேண்டும் என்று தகுதிகளை எண்ணி எண்ணி எழுதிய அச்சபையார், பெண்ணின் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டதாகத் தெரியவில்லை. இதைக்கொண்டு ‘பார்த்தீர்களா, நம் நாட்டு மரபு இதுவே’ என்று சொல்வோர் உண்டு. அவர்கள் இன்னும் சிறிது தூரம் மேற்கே நடந்து வரவேண்டும். வந்தவாசியை அடுத்த வேடல் என்னும் ஊரில் அதற்கும் முற்பட்ட முதல் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்னும் சமண ஆசிரியையையும், அவரிடம் பயின்ற ஐந்நூறு மாணாக்கியரையும் அது குறிப்பிடுகின்றது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றுக்கொண்டனர். தென்கோடிக் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் போன்ற பெயர்கள் வருகின்றன. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. ஐந்நூறு மாணாக்கியரை வைத்துக் கற்பித்த ஒரு பெண்ணுக்கு இந்நாட்டார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சோறும் காவலும் அளித்தனர். அவர் பதவிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தனர். அச்சமயம் நம் சமயமன்று. ஆனால் அந்த ஜனங்கள் நம் ஜனங்களே. பெண்ணின் போதனையைத் தமிழ் நாட்டுப்புறம் ஏற்காது என்பவர் நாட்டுப்புறத்தை அறியாதவர், அல்லது தம் விருப்பமின்மையை அதன் தலையில் சுமத்துபவர்.

நாட்டுப்புறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். அங்கேதான் இக்கேள்வியின் உயிர்நிலை இருக்கின்றது என்பதையும் சொல்லிவிடுவோம். நகரத்துப் பெரிய ஆலயங்களில் பெண் பிரசங்கித்தாலும் பிரசங்கிக்காவிட்டாலும் ஆராதனை தடைப்படாது. அங்கே குருமார் பலர். உத்திரமேரூரைச் சார்ந்த ராஜகுளம் போன்றதொரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். இத்தகைய ஊர்களில் ஒரு சேகரத்து ஐயருக்குப் பல கிராமங்கள். ஒவ்வொன்றிலும் பத்தோ இருபதோ குடும்பங்கள். திருவிருந்து அவர் வரும் நாளில்தான். மழைக்காலத்தில் அந்த நாளும் தள்ளிப்போகும். இடைப்பட்ட ஞாயிறுகளில் ஜெபம் நடத்துபவர் யார்? பாட்டை எடுத்துக் கொடுப்பவர் யார்? நடவு முடிந்து களைத்து வந்தும் விளக்கேற்றி வேதத்தை விரிப்பவர் யார்? பெரும்பாலும் ஒரு பெண்மணியே. ஆராதனை முழுவதையும் அவர் நடத்தலாம். அப்பமும் ரசமும் மட்டும் ஐயருக்காகக் காத்திருக்கும். மரணப் படுக்கையில் ஒருவர் நற்கருணை கேட்டால், பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கும் அப்பெண் அதைக் கொடுக்கக்கூடாது. அவர் செய்யக்கூடியதெல்லாம் சேகரத்து ஐயருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வருமுன் உயிர் பிரியாதிருக்க வேண்டுமென்று வேண்டுவதே. ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் ஒப்புகின்றோம். ஒழுங்கு சபைக்காகவா, சபை ஒழுங்குக்காகவா என்பதையே கேட்கின்றோம்.

இத்தகைய நெருக்கடியில்தான் ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதன்முதல் ஒரு பெண் குருவானார். அவர் ஐரோப்பியர் அல்லர், சீனப் பெண்மணி. புளோரென்ஸ் லீ டிம்-ஓய் என்னும் அவ்வம்மையார் மாக்காவ் சபையில் உதவி ஊழியராயிருந்தார். யுத்தத்தினால் ஜப்பானியர் ஆதிக்கம் பரவியபோது குருமார் எவரும் அங்கே சென்று நற்கருணை கொடுக்க இயலாமற்போயிற்று. ஹாங்காங் பேராயர் ஹால், ‘மேய்ப்பன் இல்லாத மந்தைக்கு மேய்ப்பன் வேண்டும், அவ்வேலையை இவர் ஏற்கனவே செய்து வருகின்றார்’ என்னும் நியாயத்தின்மேல் 1944-ம் வருஷம் ஜனவரி 25-ம் தேதி அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். யுத்தம் முடிந்தது, கண்டனம் எழுந்தது. 1946-ல் அவர் தம் அனுமதிப் பத்திரத்தை ஒப்படைத்துவிட்டு அமைதியாக ஒதுங்கினார். பட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1971-ல் அவருடைய குருத்துவம் மீண்டும் ஏற்கப்பட்டது. ஆபத்துக் காலத்தில் பெண்ணை அழைத்து, ஆபத்து நீங்கியதும் அவளை அனுப்பிவிடும் வழக்கம் சபைக்கு மட்டும் உரியதன்று. எனினும் சபையில் அதைக் காணும்போது வெட்கம் சற்று மிகுகின்றது.

நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-ம் வருஷம் செப்டம்பர் 27-ம் தேதி பிறந்தது. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிப்பதை அது ஏற்றுக்கொண்டும் ஆண்டுகள் பல கடந்தன. 2013-ல் எக்கோணி புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் அத்தியட்சாதீனத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை தன் முதற் பெண் பேராயரைக் கண்டது 2015-ல். தாய்ச்சபை தயங்கி நின்ற இடத்தில் மகள் முந்திச் சென்றதில் நாம் பெருமை கொள்ளலாம். அத்தோடு கண்ணை மூடிக்கொள்ளலாகாது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவருக்கு நாற்காலி போட்டோமா? மதுரை அரசரடியிலும் கீழ்ப்பாக்கம் குருகுலத்திலும் ஆண்மக்களோடு ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் பயின்று பட்டம் பெறும் பெண்ணுக்கு, தனிச் சேகரம் ஒன்றை நம்பி ஒப்புவிக்கின்றோமா, அல்லது என்றைக்கும் யாரோ ஒருவருக்கு உதவியாளராக நிறுத்துகின்றோமா? ‘எங்கள் சபைக்கு அம்மா வேண்டாம், ஐயரையே அனுப்புங்கள்’ என்று மனு எழுதும் கை எவருடையது? அம்மனுவில் பெண்களும் கையொப்பமிடுவதுண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. நெடுநாள் திண்ணையில் உட்காரப் பழகியவர்க்கு, தம்மைப் போன்ற ஒருத்தி கூடத்தில் உட்காருவது கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் ஊழியத்துக்கு இடையூறாகும் என்பாரும் உளர். பெண் வைத்தியருக்கு நேராத இடையூறு பெண் குருவுக்கு மட்டும் நேருமா? 1918-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும், பெண்களால் இது முடியுமா என்ற ஐயம் எழுந்தது. இன்று நம் வீட்டுப் பிரசவத்துக்குப் பெண் டாக்டரையே தேடி ஓடுகின்றோம். இத்தடையைப் பற்றி இதற்குமேல் சொல்வது வீண்.

நம் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மாணவியர் பயில்கின்றனர். பேராசிரியைகள் இலக்கியமும் விஞ்ஞானமும் கற்பிக்க, ஆண்மக்கள் குறிப்பெடுத்துக்கொள்கின்றனர். திங்கட்கிழமை வகுப்பறையில் அவர் சொல்லைக் கேட்டு எழுதும் மாணவன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் வாய் திறந்தால் வேதம் மீறப்படுகின்றது என்று எண்ணுவதேன்? நம் சிற்றாலயத்தில் வருஷம் முழுவதும் பேசுவோரின் அட்டவணை விடுமுறைக்கு முன் எழுதப்படுவது வழக்கம். வருகிற ஆண்டின் அட்டவணையில் பாதி நாட்களைப் பெண்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்கின்றோம். மகளிர் வாரத்தில் மட்டுமன்று, பெரிய வெள்ளியிலும் உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டிய ஆராதனையிலும் அவர்கள் பேசவேண்டும். ‘சாட்சி’ என்றன்று, ‘பிரசங்கம்’ என்றே அட்டவணையில் அச்சிடவேண்டும். குருப்பட்டம் பெற்ற நம் பழைய மாணவியர் எவரேனும் இருப்பின், நற்கருணை ஆராதனையை நடத்த அவரையே அழைக்கவேண்டும். அவரை என்னவென்று அழைப்பது என்னும் சங்கடம் எழுமாயின், அதை அவரிடமே கேட்டறியலாம்.